பருவமும் பொறையும்: இரட்சணிய யாத்திரிகத்தில் ஆன்ம வளர்ச்சி

முன்னுரை

கிறித்தவ வாழ்வில் மனமாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்துவிடலாம். ஆனால் அம்மனமாற்றத்திற்கு ஏற்ற வாழ்வு ஒரு நாளில் அமைந்துவிடுவதில்லை. ஞானமுழுக்குப் பெற்றவன் மறுநாளும் சினங்கொள்கிறான், அஞ்சுகிறான், ஐயுறுகிறான். இந்த இடைவெளியை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது கிறித்தவ இறையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நற்செயலைத் தொடங்கியவரே அதனை முடித்தும் வைப்பார் என்னும் உறுதியைப் பவுல், பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய மடலில் (1:6) தருகிறார். முடித்துவைப்பவர் இறைவனே என்றால் அவர் ஏன் காலம் எடுத்துக்கொள்கிறார்? அக்காலத்தில் மனிதன் செய்வதற்கு என்ன இருக்கிறது? இறைவன் பொறுத்திருக்கிறார் என்னும் நம்பிக்கை மனிதனுக்குச் சோம்பலாக மாறிவிடாதா?

இவ்வினாக்களுக்குத் தமிழில் காப்பிய வடிவில் விடைதேடிய நூல் எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். இந்நூலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒன்று, மூலமாகிய ஜான் பன்யனின் ஆங்கில நூலோடு ஒப்பிடுவது. மற்றொன்று, கம்பனின் தாக்கத்தைக் காட்டுவது. இவ்விரு நோக்கிலும் ஒரு குறை பொதுவாகச் சுட்டப்படுகிறது. மூலக்கதையின் விரைவு தமிழில் இல்லை. வருணனையும் உபதேசமும் துதிப்பாடல்களும் கதையை நிறுத்தி நிறுத்தி நடத்துகின்றன என்பது அக்குறை. இந்தத் தாமதம் நூலின் உட்பொருளோடு தொடர்புடையது என்பதையும், ஆன்ம வளர்ச்சியை இறைவனின் பொறுமையான செயலாகக் காணும் பார்வையே நூலின் கட்டமைப்பைத் தீர்மானிக்கிறது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். அப்பார்வை நூலில் எங்கு வெற்றி பெறுகிறது, எங்குத் தடுமாறுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

நூலும் ஆசிரியரும்

கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் ஞானமுழுக்குப் பெற்றார். கிறித்தவக் கல்விச் சூழலில் நுழைந்ததற்கும் கிறித்தவரானதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் உள்ளன. சமயம் மாறிய பின்னரும் கம்பனிடமும் வைணவப் பாசுரங்களிடமும் அவர் கொண்ட பற்று நீங்கவில்லை. கிறித்தவக் கம்பர் என்று அவர் போற்றப்படுவதற்கு அப்பற்றே காரணம். 1894இல் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. ஞானமுழுக்குக்கும் இந்நூல் வெளியீட்டுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு புதிய நம்பிக்கையாளனின் முதல் எழுச்சியில் பிறந்த நூலன்று இது. அந்நம்பிக்கையோடு முதுமைவரை வாழ்ந்த ஒருவரின் நூல். 1900இல் அவர் மறைந்தார்.

பன்யனின் நூல் 1678இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 1684இல் வெளியாயிற்று. கிருட்டிணபிள்ளை தழுவிக்கொண்டது முதற்பாகத்தின் கதைப்போக்கை. அழிவுக்குரிய நகரை விட்டு, முதுகில் பாரத்தோடு புறப்படும் ஒருவன் இடையூறுகளைக் கடந்து விண்ணக நகரை அடைவதே கதை. தமிழில் இது மோட்சப் பிரயாணம் என்னும் பெயரில் உரைநடை மொழிபெயர்ப்பாகவும் வழங்குகிறது. கிருட்டிணபிள்ளை இதனை 3766 பாடல்களில், ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களாக விரித்துப் பாடியுள்ளார்.

பொறை என்னும் சொல்

நூலின் பார்வையை அறிவதற்கு முன் அப்பார்வைக்கு இடந்தரும் தமிழ்ச்சொல் ஒன்றை நோக்குதல் பொருந்தும். கிறித்தவத் தமிழில் இறைவனின் காத்திருக்கும் இயல்பு 'நீடிய பொறுமை' எனப்படுகிறது. கலாத்தியர் மடலில் (5:22) ஆவியின் கனிகளுள் ஒன்றாகவும் இது எண்ணப்படுகிறது. இத்தொடரின் வேர் 'பொறு' என்பது. இவ்வினைக்குச் சுமத்தல், தாங்குதல், மன்னித்தல், காத்திருத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. 'பொறை' என்னும் பெயர்ச்சொல்லோ சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும், கருப்பத்தையும் குறிக்கும். மகப்பேற்றைப் பொறையுயிர்த்தல் என்பது பழைய வழக்கு. தன்னைத் தோண்டுவோரையும் தாங்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு வள்ளுவர் உவமையாக்கியதும் இப்பொருட் பரப்பினால்தான்.

பன்யனின் கதை ஒரு சுமையின் கதை. சிலுவையின் முன் அச்சுமை முதுகிலிருந்து அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. அங்கே சுமையும் பொறுமையும் வேறு வேறு செய்திகள். தமிழில் இவை ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. மனிதனின் சுமையை இறைவன் பொறுக்கிறார் என்னும்போது, அவர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார், மன்னிக்கிறார், அவன் முதிரும்வரை காத்திருக்கிறார் என்னும் மூன்று பொருளும் ஒருசேர எழுகின்றன. மீட்பு ஒரு கணத்து நிகழ்ச்சி. வளர்ச்சி நெடுங்காலச் செயல் என்று இறையியல் பிரித்துச் சொல்வதைத் தமிழ்ச்சொல் இணைத்தே சொல்கிறது. இவ்வியல்பை மனத்திற்கொண்டு படிக்கும்போது கிருட்டிணபிள்ளையின் மாற்றங்கள் பல விளக்கம் பெறுகின்றன.

மூலநூலில் மறைந்த கை

தாமதம் முற்றிலும் தமிழ்க் கவிஞர் புகுத்தியது என்று கொள்வதும் பொருந்தாது. பன்யனின் நூலிலேயே அதற்கான விதை உள்ளது. மதச் சட்டங்களை மீறிப் போதித்ததற்காக 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர் பன்யன். காத்திருத்தலின் கடுமையை அவர் அறிந்திருந்தார்.

பயணத்தின் தொடக்கத்தில் வரும் சேற்றுநிலம் இதற்கு முதற்சான்று. மனம் தளர்ந்தோர் அமிழும் அச்சேற்றை மேடாக்க, அரசனின் பணியாளர் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற வண்டி நல்லுரைகளைக் கொட்டி வருகின்றனர். சேறு இன்னும் சேறாகவே இருக்கிறது. இதனை எள்ளலாகவும் படிக்கலாம். ஆனால் அரசன் பணியை நிறுத்தவில்லை என்பதே அங்குக் கருதத்தக்கது.

அடுத்து, விளக்கமளிப்பவர் இல்லத்தில் பயணி காணும் காட்சிகள். ஓர் அறையில் இரு சிறுவர் இருக்கின்றனர். ஒருவன் பெயர் வேட்கை. மற்றவன் பெயர் பொறுமை. சிறந்தவற்றை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தருவதாகக் காப்பாளர் கூறுகிறார். வேட்கை இப்போதே வேண்டுமென்கிறான், பெறுகிறான், விரைவில் கந்தலோடு நிற்கிறான். பொறுமை காத்திருக்கிறான். இன்னோர் இடத்தில் சுவரோரம் ஒரு நெருப்பு எரிகிறது. ஒருவன் அதன்மேல் ஓயாது நீர் ஊற்றுகிறான்; நெருப்போ மேலும் ஓங்கி எரிகிறது. பயணி சுவரின் மறுபுறம் அழைத்துச் செல்லப்படும்போதுதான் காரணம் புலப்படுகிறது. அங்கே ஒருவர் மறைவாக நின்று அந்நெருப்புக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கிறித்துவே என்று விளக்கம் தரப்படுகிறது. நெருப்பு தன் ஆற்றலால் எரியவில்லை. எரிய வைப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆன்ம வளர்ச்சி பற்றிய பன்யனின் கொள்கை முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

ஐயக் கோட்டை நிகழ்ச்சியும் இவ்வாறானதே. பயணியும் தோழனும் புதன் காலை முதல் சனி இரவு வரை அங்கே சிறைப்பட்டுக் கிடக்கின்றனர். இரவெல்லாம் இறைவனிடம் மன்றாடிய பின்பே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பயணி நினைவுகூர்கிறான். திறவுகோல் முன்பே தரப்பட்டிருந்தது. அதனை அறிந்துகொள்ளும் நிலைக்கு அவன் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று.

எனினும் பன்யனின் கதை பெருவிரைவோடு நகர்வது. அதன் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல்லே முன்னேறிச் செல்லுதலைக் குறிக்கிறது. மறைந்த கை இருப்பதை வாசகன் அறிந்தாலும் அவன் கண் காண்பது நடக்கும் கால்களையே. கிருட்டிணபிள்ளை இவ்விடத்திலிருந்து விலகிச் செல்கிறார்.

பருவம் என்னும் பகுப்பு

கம்பனைப் பின்பற்றிய கவிஞர் காண்டம் என்னும் பகுப்பைக் கையாண்டிருக்கலாம். அவர் பருவம் என்னும் பகுப்பைத் தேர்ந்துள்ளார். ஆதி பருவம், ஆரணிய பருவம் என்னும் பெயர்கள் வில்லிபாரதத்தை நேரே நினைவூட்டுகின்றன. பாரத மரபில் பருவம் என்பது நூற்பகுதி என்னும் அளவில் நிற்கிறது. தமிழில் அச்சொல் பெற்றுள்ள பொருள் அதனினும் விரிந்தது. விதைப்பதற்குரிய காலம் பருவம். மழைக்குரிய காலம் பருவம். மனித வாழ்வின் ஒவ்வொரு நிலையும் பருவம். பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பாடுகிறது. அங்குக் குழந்தை தானாக முயன்று செங்கீரையிலிருந்து தாலுக்குச் செல்வதில்லை. வளர்கிறது, தாய் காத்திருக்கிறாள்.

ஆகவே பயணக்கதை ஒன்றைப் பருவங்களாகப் பகுக்கும்போது இருவகைக் காலம் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. பயணத்தின் காலம் நடப்பவனின் கையில் உள்ளது. விரைந்து நடந்தால் விரைவில் சேரலாம். பருவத்தின் காலம் அவன் கையில் இல்லை; அது வரும்போதுதான் வரும். நிலத்தில் விதைத்தவன் இரவில் உறங்கிப் பகலில் எழ, அவன் அறியாமலே விதை முளைத்து வளர்வதாக இயேசு கூறிய உவமை (மாற்கு 4:26–29) பருவ காலத்தைச் சார்ந்தது. வழி, வாயில் பற்றிய உவமைகள் பயண காலத்தைச் சார்ந்தவை. பன்யன் பின்னதைத் தேர்ந்தார். கிருட்டிணபிள்ளை பின்னதைக் கதையாகவும் முன்னதைக் கட்டமைப்பாகவும் கொண்டார்.

பருவப் பெயர்களும் இதற்குத் துணைசெய்கின்றன. 'குமார' என்னும் அடை தேவகுமாரனையும் இளமைப் பருவத்தையும் ஒருங்கே நினைக்க இடந்தருகிறது. 'நிதானம்' என்பது தமிழ் வழக்கில் பதறாமையையும் ஆராய்ந்து அறிதலையும் குறிக்கும். ஆரணியம் வழியற்ற காடு. ஆதியில் தொடங்கி, குமாரனில் பிறந்து, நிதானத்தில் நிலைபெற்று, ஆரணியத்தில் சோதிக்கப்பட்டு, இரட்சணியத்தில் முதிர்தல் என்று பெயர்களை மட்டும் தொடர்ந்து படித்தாலும் ஒரு வளர்ச்சி நெறி புலனாகிறது. நிதானத்தை அடைந்த பின்னர் ஆரணியம் வருவது குறிப்பிடத்தக்கது. வளர்ந்தவனுக்குச் சோதனை நீங்கிவிடுவதில்லை. சோதனையின்போது தளர்வது வளர்ச்சி பொய் என்பதற்குச் சான்றாகாது என்னும் ஆறுதல் இவ்வைப்புமுறையில் உள்ளது.

பயணத்தின் நடுவே ஒரு நிறுத்தம்

கதையைத் தாமதப்படுத்துவதாகக் கூறப்படும் பகுதிகளுள் முதன்மையானது குமார பருவத்திலுள்ள இரட்சணிய சரிதப் படலம். பன்யனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணி வருகிறான், சிலுவையைக் காண்கிறான், சுமை விழுகிறது, மகிழ்ந்து நடக்கிறான். இயேசுவின் பாடுகள் அங்கு விரித்துரைக்கப்படவில்லை. வாசகர் அறிந்தவை என்று விடப்படுகின்றன. கிருட்டிணபிள்ளையோ பயணக்கதையை நிறுத்திவைத்து, இயேசு கட்டுண்டு பிலாத்துவின் முன்னும் ஏரோதின் முன்னும் நிறுத்தப்பட்டதையும், இகழ்ச்சியையும் முள்முடியையும் ஏற்றதையும் விரிவாகப் பாடுகிறார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றுப் பலரும் அறிந்த பகுதி இது.

இவ்விரிவுக்கு வெளிப்படையான ஒரு காரணம் உண்டு. பன்யனின் வாசகர் திருமறைக் கதையோடு வளர்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகருள் பலர் அவ்வாறு வளர்ந்தவரல்லர். ஆனால் காரணம் இதனோடு முடியவில்லை. அப்படலத்தில் கவிஞர் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது இயேசுவின் வாளாவிருக்கும் நிலையை. பகைவர் கயிற்றால் பிணித்தபோது அவர் எதிர்ப்பின்றி நின்றதற்கு, மாந்தர்மேல் அவர் கொண்ட அன்பு என்னும் கட்டே காரணம். அக்கட்டிலிருந்து விடுபட இயலாமையால்தான் இக்கட்டுக்கும் இசைந்தார் என்று கவிஞர் கற்பனை செய்கிறார். தமிழில் பாசம் என்னும் சொல் கயிற்றையும் அன்பையும் குறிக்கும்; சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மலங்களையும் குறிக்கும். உயிரைக் கட்டும் பாசத்தை நீக்க, இறைவன் அன்பென்னும் பாசத்தில் தம்மைக் கட்டுவித்துக்கொண்டார் என்று தமிழ் வாசகன் விரித்துணர இங்கு இடமுண்டு.

கதையமைப்பில் இதன் விளைவு யாது? பயணியின் பொறுமை சோதிக்கப்படும் இடங்கள் பலவும் இதற்குப் பின்னரே வருகின்றன. அதற்குமுன் இறைவனின் பொறுமை முழுமையாகக் காட்டப்பட்டுவிடுகிறது. பின்னர் பயணி தளரும் ஒவ்வோர் இடத்திலும் வாசகன் முன்னே கண்ட அந்த மௌனத்தை நினைத்துக்கொள்கிறான். மனிதன் தன் பொறுமையால் இறைவனை அடைகிறான் என்னும் கருத்துக்கு இவ்வமைப்பில் இடமில்லை. இறைவனின் பொறுமை முதலில். மனிதனின் பொறுமை அதன் எதிரொலி. கதையின் ஓட்டத்திற்கு இழப்பாகத் தோன்றும் நிறுத்தம் கருத்தின் வைப்புமுறைக்கு இன்றியமையாததாகிறது.

நடையும் பாட்டும்

கதையை நிறுத்தும் மற்றொரு கூறு இடையிடையே அமைந்த தேவாரம் என்னும் துதிப்பாடல்கள். காப்பிய விருத்தங்களின் நடுவே இசைப்பாடல் மரபைக் கவிஞர் கொணர்ந்ததை வடிவப் புதுமை என்ற அளவில் பாராட்டிவிட்டுச் செல்வது வழக்கம். அவற்றின் பணி வேறொன்று எனக் கருத இடமுண்டு.

வைணவ மரபில் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவை விளக்க இரு உவமைகள் வழங்குகின்றன. குரங்கின் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனையின் குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் கொள்வர். வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர்க்கு இவ்விவாதம் புதிதாக இருந்திருக்காது. பன்யன் சார்ந்த சீர்திருத்தக் கிறித்தவ மரபு, இறைவன் தெரிந்துகொண்டவரை இறுதிவரை தாமே காப்பார் என்று கொள்வது. இவ்வகையில் அது பூனைக்குட்டி நெறிக்கு அணியது. ஆனால் பயணக்கதையோ நடக்கும் கால்களை வேண்டுவது. பூனைக்குட்டி நடப்பதில்லை. எனவே பயண உருவகத்தைத் தேர்ந்த கவிஞர் யாவர்க்கும் ஒரு முரண் காத்திருக்கிறது. கொள்கை சுமக்கப்படுதலைப் பேசுகிறது. கதை நடத்தலைப் பேசுகிறது.

பன்யன் இம்முரணை மறைந்த கையால் தீர்த்தார். கிருட்டிணபிள்ளை அதனோடு பாட்டையும் சேர்த்தார். விருத்தங்களில் பயணி நடக்கிறான்; படர்க்கையில் அவன் செயல்கள் சொல்லப்படுகின்றன. தேவாரத்தில் நடை நின்றுவிடுகிறது, தன்மையில் ஒரு குரல் இறைவனை முன்னிலையாக்கி முறையிடுகிறது, தன் இயலாமையைச் சொல்கிறது, தாங்கும்படி வேண்டுகிறது. காலத்தால் கதை அங்கு ஓரடியும் நகர்வதில்லை. ஆனால் அதுவரை நடந்தது யாருடைய வலிமையால் என்பது அங்குதான் ஒப்புக்கொள்ளப்படுகிறது. நடக்கும்போது தன்னை நடப்பவனாக எண்ணிய உயிர், பாடும்போது தன்னைச் சுமக்கப்படுவதாக உணர்கிறது. பொறுமையோடு செயற்படும் இறைவனை நம்புதல் என்பது இவ்விரண்டும் மாறிமாறி நிகழ்தலே. நடக்காமல் பாடுவது சோம்பல். பாடாமல் நடப்பது செருக்கு. நூல் இவ்விரு பிழைகளுக்கும் இடையே தன் தாளத்தை அமைத்துக்கொள்கிறது.

பக்குவம்: ஒப்பும் வேறுபாடும்

ஆன்மா பருவத்தால் முதிர்கிறது என்னும் கருத்தைத் தமிழ் வாசகர் முதலில் சைவ சித்தாந்தத்தோடு இணைத்து நோக்குவர். ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன்போன்ற உயிருக்கு, அதன் தவப்பயன் முதிர்ந்தபோது இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான் என்பது சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பாக் கருத்து. மலபரிபாகம் நிகழ, சத்திநிபாதம் உண்டாகிறது. மேலும் மறைத்தலும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்று. உயிரின் மலம் பக்குவப்படும்பொருட்டு அருளே மறைந்து நின்று தொழிற்படுகிறது; அதுவே திரோதான சத்தி எனப்படுகிறது. சுவருக்குப் பின்னின்று எண்ணெய் வார்க்கும் பன்யனின் காட்சியைச் சித்தாந்தம் பயின்றவர் எளிதில் உணர்ந்துகொள்வர்.

ஒப்புமை இவ்வளவில் நெருங்கினும் இரு வேறுபாடுகள் அடிப்படையானவை. முதலாவது வரிசைமுறை. சித்தாந்தத்தில் மறைந்த அருள் முன்னரே தொழிற்பட்டாலும், வெளிப்பட்ட அருள் பக்குவத்தின்பின் வருகிறது. இரட்சணிய யாத்திரிகத்தில் சுமை நீங்குதல் பயணத்தின் முற்பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பக்குவம் அதன் பின்னர் நெடுகத் தொடர்கிறது. ஏற்றுக்கொள்ளப்படுதல் முதிர்ச்சிக்குப் பரிசாக வருவதில்லை; முதிர்ச்சிக்கு நிலமாக அமைகிறது. ஆகவே இங்குப் பயணி தன் குறைகளைக் கண்டு அஞ்சவேண்டிய காரணம் மாறுகிறது. ஏற்கப்படுவேனோ என்னும் அச்சம் நீங்கி, ஏற்றவர்க்கேற்ப வாழவில்லையே என்னும் நாணம் வருகிறது.

இரண்டாவது காலத்தின் அளவு. பல பிறவிகளை ஏற்கும் நெறியில் இறைவனின் பொறுமைக்குக் காலம் தட்டுப்படுவதில்லை. இப்பிறவியில் கனியாதது மறுபிறவியில் கனியும். கிறித்தவம் பிறவி ஒன்றே என்கிறது. ஆகவே அங்கு இறைவனின் பொறுமை ஒரு வாழ்நாளின் எல்லைக்குள் நிற்கிறது. மூன்றாண்டு கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு தவணை கேட்கும் தோட்டக்காரனின் உவமை (லூக்கா 13:6–9) இந்நிலையைக் காட்டுகிறது. தவணை உண்டு; ஆனால் அது தவணைதான். பொறுமை பற்றிய கிறித்தவப் பேச்சில் எப்போதும் உடனிருக்கும் பதற்றத்திற்கு இதுவே காரணம். பருவம் என்னும் சொல் தரும் அமைதியும் யாத்திரிகம் என்னும் சொல் தரும் அவசரமும் ஒரே நூலில் தேவைப்படுவதும் இதனாலேயே.

உருவகத்தின் எல்லை

இதுவரை கூறியவை நூலின் வெற்றிகள். இப்பார்வை தடுமாறும் இடமும் உண்டு. அது தனிப்பட்ட கவிஞரின் குறை என்பதைவிட உருவக வடிவத்தின் குறை எனல் பொருந்தும். உருவகக் கதையில் பெயரே பண்பு. பிடிவாதம் என்று பெயர் பெற்றவன் பிடிவாதத்திலிருந்து மாற இயலாது. மாறினால் உருவகம் குலைந்துவிடும். வளர்வதற்கு உரிமை பெற்றவர் பயணியும் அவன் தோழருமே. ஏனையோர் முதலில் தோன்றியவாறே இறுதிவரை நிற்கின்றனர். பயணியோடு புறப்பட்டுச் சேற்றில் அஞ்சி வீடு திரும்பிய மென்மனத்தான் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான். அவனுக்காக இறைவன் காத்திருந்தாரா என்று கதை கேட்பதில்லை. பன்யனின் முதற்பாகம், விண்ணக நகரின் வாயில்வரை வந்துவிட்ட அறியாமை என்பவனைக் கைகால் கட்டி வெளியேற்றுவதோடு முடிகிறது. அவன் ஆற்றையும் கடந்து வந்தவன். நீடிய பொறுமையைப் போற்றும் ஒரு நூல் அவனிடம் மட்டும் பொறுமையிழந்ததேன் என்னும் வினா எழாமல் இராது.

பன்யனுக்கும் இது உறுத்தியிருக்கலாம் என்பதற்கு இரண்டாம் பாகம் சான்றாகிறது. அங்குப் பயணம் ஒரு குழுவினுடையது. பெண்களும் சிறுவரும், மனவலிமை குன்றியவரும், ஊன்றுகோலோடு நடப்பவரும் உடன் செல்கின்றனர். வழிகாட்டி தன் நடையை அவர்களுக்கேற்பத் தளர்த்திக்கொள்கிறான். இறைவனின் பொறுமை அங்கு மனிதர் ஒருவருக்கொருவர் காட்டும் பொறுமையாக உருப்பெறுகிறது. கிருட்டிணபிள்ளையின் கதை முதற்பாகத்தைத் தழுவியமையால் இவ்விரிவு அதற்குக் கிட்டவில்லை. தனி ஆன்மாவின் வளர்ச்சியே அதன் மையமாக நின்றுவிடுகிறது. உபதேச உரையாடல்கள் மிகும் பகுதிகளில் பொறுமை நிகழ்ச்சியாகக் காட்டப்படாமல் கருத்தாகச் சொல்லப்படுவதும் மறுக்கவியலாத குறையே. அத்தகைய இடங்களில் தாமதம் பொருளற்றதாகவே படுகிறது.

ஆயினும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்வனவும் தேவாரங்களே. காப்பியம் முடிவை வேண்டுவது. சேர்ந்தவன் யார், சேராதவன் யார் என்று தீர்ப்புக் கூறியே அது முற்றுப்பெறும். துதிப்பாடல் முடிவை வேண்டுவதில்லை. பாடுபவன் இன்னும் வழியில் இருப்பவன். அவன் சேர்ந்தானா என்பது பாடலுக்குள் தெரிவதில்லை, கேட்கிறான், காத்திருக்கிறான். லூக்கா உவமையும் அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று சொல்லாமலே நின்றுவிடுகிறது. கதை மூடிவிட்ட தவணையைப் பாட்டு திறந்துவைக்கிறது. மென்மனத்தானும் வாசகனும் தம் குரலைக் கேட்கக்கூடிய இடம் நூலில் அதுவே.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் பன்யனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியபோது நேர்ந்த தாமதங்களை மொழிபெயர்ப்பின் தளர்வாகவோ கம்பனைப் பின்பற்றியதன் மிகையாகவோ மட்டும் மதிப்பிடுதல் போதாது. பருவப் பகுப்பு, பயணத்தின் காலத்தோடு விளைவின் காலத்தையும் இணைக்கிறது. இரட்சணிய சரிதப் படலம், மனிதனின் பொறுமைக்கு முன்னதாக இறைவனின் பொறுமையை வைக்கிறது. தேவாரங்கள், நடப்பவன் சுமக்கப்படுபவனும் ஆவான் என்பதைக் கதைக்கு வெளியே நின்று ஒப்புக்கொள்கின்றன. இம்மூன்றும் பொறை என்னும் தமிழ்ச்சொல்லின் பொருட் பரப்புக்குள் அடங்குவன. சித்தாந்தத்தின் பக்குவக் கொள்கையோடு இந்நூல் உறவுகொண்டாலும், அருள் முந்தியும் பக்குவம் பிந்தியும் வருவதாலும் ஒரே வாழ்நாளின் எல்லைக்குள் நிகழ்வதாலும் அதனின்று வேறுபடுகிறது.

கிறித்தவத் தமிழ்க் காப்பியங்களை மூலத்திற்கு எவ்வளவு உண்மையாக உள்ளன என்றும், தமிழ் மரபுக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளன என்றும் அளக்கும் ஆய்வுகள் பயனுடையவையே. அவற்றோடு, ஒரு நம்பிக்கையைச் சொல்ல முயலும்போது தமிழ் யாப்பும் பகுப்பும் சொல்லும் அந்நம்பிக்கையை எவ்வாறு புதிதாகப் பொருள்கொள்ளச் செய்கின்றன என்று காணும் ஆய்வுகளும் பெருக வேண்டும். இந்நூலில் பயணி தவறி விழும் இடங்களில் வாசகன் பொறுமையிழக்கக்கூடும். அப்பயணியோடு அவ்வளவு தொலைவும் பொறுத்து நடந்தவர் யார் என்னும் வினாவையே நூல் அவன்முன் வைக்கிறது.